முதலில் உட்கார்ந்தவர்

ஸ்டூல் தயார். கேமரா தயார். குழல்விளக்கு வெளிச்சம் சுமார்தான், சமாளித்துவிடலாம். ஆனால் முத்துலட்சுமி உட்கார மாட்டேன் என்றார்.

"ஒரே ஒரு தடவைம்மா. உட்கார்ந்துட்டு உடனே எழுந்திரிச்சிக்கலாம்," என்று கெஞ்சினான் ஃபராஸ்.

"கூச்சமா இருக்கு தம்பி. என்னய எதுக்கு? இங்க வேலை பாக்குற பிள்ளைகள எடு."

"நீங்கதாம்மா வேணும்."

"இந்தக் கடைக்குள்ள எனக்கு உக்காந்து பழக்கமே இல்லயே!"

அதற்காகத்தானே அவனை அனுப்பியிருந்தார்கள்!

தி.நகரில் வெள்ளைத்துரை ஜவுளி மாளிகையின் இரண்டாவது மாடி, பட்டுச் சேலைப் பிரிவு. கடைகளில் காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு முதலாளி உட்கார இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. இன்று முதல் நடைமுறை. இந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து செய்தி ஆசிரியர் விஜயராகவனுக்குக் கால் தரையில் படவில்லை. காலையில் மயிலாப்பூர் அலுவலகத்தில் ஃபராஸைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்துக்கொண்டு பேசினார். உட்காரச் சொல்லவில்லை.

"சுதந்திரம்னா கொடி ஏத்தறது மட்டுமாடா? தேசத்துக்கு ராத்திரியில கிடைச்சுது. இவாளுக்குப் பட்டப்பகல்ல கிடைக்கறது. வித்தியாசம் அவ்வளவுதான். எனக்கு அந்த முதல் நொடி வேணும். நிக்கற படம் வேண்டாம். உட்கார்ந்துண்டிருக்கற படமும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல. புரியறதா?"

"புரியுது சார்."

"போன தடவையும் புரியறதுன்னுதான் சொன்னே."

போன தடவை ஒரு போராட்டக்காரர் மூன்று மாதச் சிறைவாசத்துக்குப் பின் விடுதலையாகி வந்தார். அவர் கதவைத் தாண்டிக் கையை உயர்த்திய நொடியில் ஃபராஸ் கேமராவில் கார்டு மாற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிடைத்தது, மூடிய சிறைக்கதவின் அருமையான படம். அதற்கு முந்தைய தடவை, ஒரு வார்டில் முதல்முறையாக ஒரு பெண் கவுன்சிலராகப் பதவியேற்றார். அந்தப் படத்தில் மைக் செட்காரரின் முதுகு துல்லியமாக விழுந்திருந்தது. சட்டையில் இருந்த தையல்கூடத் தெரிந்தது. அலுவலகத்தில் அவனுக்கு 'ஒரு நொடி ஃபராஸ்' என்று பெயர். யாராவது அவனைத் தேடினால், "ஒரு நொடி கழிச்சு வருவான்," என்பார்கள்.

தற்காலிக வேலை இந்த வாரத்தோடு முடிகிறது. இன்றைய படம் முதல் பக்கத்தில் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அபிராமபுரத்தில் மாமா நடத்தும் ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து, "காது தெரியட்டும், சிரிக்காதீங்க," என்று ஆயுள் முழுக்க பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டியதுதான். அவன் அம்மா வஜீஹா அதற்காக மாமாவிடம் பேசியே வைத்துவிட்டார்.

எந்தக் கடைக்குப் போவது என்பதே பெரிய பாடாக இருந்தது. ஒரு கடையில், "ஸ்டூல் ஆர்டர் பண்ணியிருக்கோம்," என்றார்கள். இன்னொரு கடையில், "எங்க ஸ்டாஃபுக்கு நிக்கிறதுதான் பிடிக்கும்," என்றார்கள். வெள்ளைத்துரை அண்ணாச்சி மட்டும்தான் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சட்டம் வாரதுக்கு முந்தியே நான் வாங்கிப் போட்டுட்டேன்லா! சிவப்புக் கலரு. நல்ல கனம். போய்ப் பாரும் தம்பி."

"உங்க கடையில ரொம்ப வருஷமா வேலை பார்க்கிறவங்க யாரு சார்?"

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. கல்லாவில் இருந்தபடியே தலையை மேலே தூக்கி, மாடிப்படி வழியாக ஒரு சத்தம் கொடுத்தார். "ஏ முத்துலட்சுமீ!"

"இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி!"

இரண்டு மாடி உயரத்திலிருந்து பதில் அந்த நொடியே வந்து விழுந்தது. கூப்பிடுவதும் வருவதும் ஒரே மூச்சில் நடந்த மாதிரி இருந்தது.

"பாத்தேரா? கால் நூற்றாண்டாச்சு. ஒரு நாளு, 'என்ன அண்ணாச்சி?'ன்னு கேட்டிருப்பாளா? வந்துட்டேன்னுதான் சொல்லுவா. அவளத்தான் எடுக்கணும்."

மேலே போக லிஃப்ட். அதை ஓட்டுபவர் அக்பர் பாஷா. லிஃப்டின் மூலையில் தனக்கென்று ஒரு மரஸ்டூல் போட்டு, அதன்மேல் ஒரு தலையணையும் போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, உக்கார்றத போட்டோ புடிக்க வந்துகிறியாமே? நான் இருபது வருஷமா இதே ஸ்டூல்ல உக்காந்துகினு கீறேன். ஒருத்தனாவது என்னைப் புடிச்சானா?"

"நீங்க ஏற்கனவே உட்கார்ந்துட்டீங்களே பாய்."

"அப்ப எந்திரிச்சு உக்காரட்டா?"

"இறங்கும்போது பார்க்கலாம் பாய்," என்று தப்பித்து வெளியே வந்தான்.

முத்துலட்சுமி தோளில் கைப்பையும், கையில் மடிப்புக் கலையாத ஒரு கடுகு நிறப் பட்டுச் சேலையுமாகப் படியருகே நின்றிருந்தார். தலை ஓரங்களில் நரை. நெற்றியில் பெரிய பொட்டு. சுற்றிலும் நின்ற பெண்கள் எல்லாம் ஊதாச் சீருடையில் இருக்க, இவர் மட்டும் பச்சை நிறக் காட்டன் கட்டியிருந்தார். இத்தனை வருஷம் உழைத்தவருக்கு இந்தச் சலுகைகூட இல்லாமலா?

"அண்ணா," என்று ஓர் இளம்பெண் முன்னால் வந்தாள். சேலைத் தலைப்பில் 'தாரணி' என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தது. வேளச்சேரிப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான். ஆனால் மாடிக்கே அவள்தான் வாய். "அண்ணா, இந்த அக்கா வந்து..."

"தெரியும்மா. சீனியர். அண்ணாச்சி சொல்லிட்டாரு."

"அதில்லண்ணா, இவங்க இப்போ..."

"ஒரு நிமிஷம் நகர்ந்துக்கம்மா, வெளிச்சத்தை மறைக்கிற."

தாரணி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்த வரிசையே வாயைப் பொத்திக்கொண்டது. தன் கேமரா பையின் கிழிசலைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று ஃபராஸ் அதைத் திருப்பி மாட்டிக்கொண்டான்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

கெஞ்சியதில் முத்துலட்சுமி கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, உனக்காக. முகம் தெரியாம எடு." ஃபராஸ் ஸ்டூலை நல்ல வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டான். நான்கு அடி பின்னால் வந்தான். கேமராவைக் கண்ணில் வைத்தான்.

ஸ்டூலில் ஒரு தடித்த ஆள் உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று பைகள்.

"சார், அது ஊழியர்களுக்கு."

"என் ஒய்ஃப் சேலை பாத்துக்கிட்டிருக்கா," என்றார் அவர், எல்லாக் கேள்விக்கும் அதுவே பதில் என்பது போல.

தி.நகர் துணிக்கடையில் காலியாக ஓர் இருக்கை தெரிந்தால், அதற்கு ஒரு கணவன் எங்கிருந்தாவது முளைத்துவிடுவான். ஃபராஸ் அடுத்த ஸ்டூலைத் தேடித் திரும்பினான். அங்கே ஒரு கணவர் செய்தித்தாளை விரித்துவிட்டார். அதற்கடுத்ததில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி ஸ்டூலில் திருவான்மியூரிலிருந்து வந்த ஒருவர் சுவரில் தலையைச் சாய்த்துக் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார். அண்ணாச்சி வாங்கிய சிவப்பு ஸ்டூல் அத்தனையிலும் கணவர்கள். பல் மருத்துவர் வாசலில் காத்திருப்பவர்கள் மாதிரி ஒரே முகம் எல்லோருக்கும்.

ஃபராஸ் கீழே ஓடி அண்ணாச்சியிடம் முறையிட்டான்.

"அதுக்கென்ன? இப்ப பாரும்," என்று அண்ணாச்சி மைக்கை எடுத்தார். "வீட்டுக்கார ஐயாமாரு எல்லாரும் கவனிக்கணும். கீழ்த்தளத்துல உங்களுக்கு ஃப்ரீயா காப்பி குடுக்கோம். உடனே வாங்க!"

குறட்டை விட்டவர்தான் முதலில் எழுந்தார். ஒரு நிமிஷத்தில் மாடி காலி. ஃபராஸுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அடுத்த நிமிஷமே போயிற்று.

"அவர் எங்க?" என்று பில் போடும் இடத்தில் ஒரு அம்மாள் கேட்டார். "போன் அவர்கிட்டதான இருக்கு. ஜிபே பண்ணணும்."

"எங்க வீட்டுக்காரரும் இல்லையே!"

"எல்லாரும் காப்பி குடிக்கப் போயிருக்காங்கம்மா," என்றாள் தாரணி.

"காப்பியா? நான் காலையில இருந்து தொண்டை காய்ஞ்சு நிக்கிறேன், அவருக்குக் காப்பியா?"

விரித்த சேலைகளை அப்படியே போட்டுவிட்டு மனைவிமார்கள் படியிறங்கினார்கள். கீழே என்ன நடந்தது என்பது மேலேவரை கேட்டது. ஐந்து நிமிஷம் கழித்து அண்ணாச்சி மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"ஏ தம்பி, என் யாவாரத்துக்கு உலை வச்சிருவேரு போலிருக்கே! சட்டுனு படத்தப் பிடிச்சிட்டுக் கெளம்பும். ஏ முத்துலட்சுமி, உக்காரு!"

"நீங்க நிக்கும்போதா அண்ணாச்சி?"

"சரிட்டி, நான் உக்காந்து காட்டுதேன். எல்லாரும் உக்காருங்க."

அண்ணாச்சி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதுவரை தூணில் சாய்ந்திருந்தவர்கள்கூடச் சட்டென்று நிமிர்ந்து கைகளை முன்னால் கட்டிக்கொண்டார்கள். முத்துலட்சுமி எல்லோருக்கும் முன்னால், கைப்பையை மார்போடு அணைத்தபடி.

"உக்காருங்கன்னுதான சொல்லுதேன்!"

"முதலாளி உட்கார்ந்திருக்கும்போது நாங்க எப்படி சார் உட்கார்றது?" என்றாள் தாரணி.

அண்ணாச்சி எழுந்தார். "சரி, எந்திரிச்சிட்டேன். இப்ப உக்காரு."

"முதலாளி நிக்கும்போது நாங்க எப்படி சார் உட்கார்றது?"

அண்ணாச்சி பாதி உட்கார்ந்தார். பாதி எழுந்தார். தன் கடையில் தான் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "நான் இங்க இருக்கக் கூடாதுங்கிய," என்று முணுமுணுத்துக்கொண்டே படியில் இறங்கிப் போனார்.

இனிமேல் தடை ஏதுமில்லை. கணவர்கள் இல்லை, முதலாளி இல்லை. ஃபராஸ் முத்துலட்சுமிக்கு எதிரே ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். விரல் பொத்தானில். "இப்ப மெதுவா, பின்னாடி பார்க்காம..."

அவன் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒரு பெருமூச்சு கேட்டது. பல பேர் சேர்ந்து விட்ட பெருமூச்சு. திரும்பினான்.

அந்த மாடியின் ஊதாச் சேலைகள் அத்தனையும் உட்கார்ந்திருந்தன. தாரணி காலை நீட்டி, விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரலாற்றுத் தருணம் நடந்து முடிந்திருந்தது. ஒரு நொடிக்கு முன்னால். அவன் முதுகுக்குப் பின்னால்.

"ஐயோ!" என்றான் ஃபராஸ். "எப்ப உட்கார்ந்தீங்க? எல்லாரும் எழுந்திரிங்க, எழுந்து மறுபடியும் உட்காருங்க!"

"முடியாதுண்ணா," என்றாள் தாரணி, கால் விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமலே. "இப்பத்தான் உட்கார்ந்திருக்கோம். எழுந்திரிக்கச் சொன்னா கேஸ் போடுவேன். சட்டம் இருக்கு."

"தாயே, என் வேலை போயிடும்."

"அப்ப நீங்களும் வந்து உட்காருங்க. இங்க ஒரு ஸ்டூல் காலியா இருக்கு."

இனி மிச்சம் ஒரே ஓர் ஆள்தான். உட்காராதவர், அதுவும் கால் நூற்றாண்டாக உட்காராதவர். ஃபராஸின் வேலை, எதிர்காலம், அபிராமபுரத்து ஸ்டுடியோ, எல்லாம் இப்போது முத்துலட்சுமியின் முழங்கால் மடங்குவதில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். கண்ணில் பட்ட காட்சி: வரிசையாகத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள், நடுவில் தனியாக நிற்கும் ஒரு பெண்மணி, முட்டி போட்டுப் படம் எடுக்கும் பத்திரிகைக்காரன்.

"என்னடி இது, ஸ்ட்ரைக்கா?"

"உள்ளிருப்புப் போராட்டம் போல. பாவம், சம்பளம் தரல போலிருக்கு." சொன்னவள் உடனே போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினாள்.

"இல்லைங்க, இது போராட்டம் இல்லை!" என்று ஃபராஸ் கத்தினான்.

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க," என்றாள் மற்றவள் பரிவோடு.

பின்னாலேயே இன்னும் சிலர் வந்தார்கள். அவர்களும் போனை எடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்று ஃபராஸ் ஒரு சேலைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் 'இது போராட்டம் அல்ல' என்று எழுதினான். அதைத் தாரணியிடம் கொடுத்தான். எழுந்திருக்க மாட்டேன் என்று சபதம் செய்திருந்த தாரணி அதை உட்கார்ந்தபடியே நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

அந்தக் கணமே அது போராட்டமாகிவிட்டது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் படிக்கிறார்கள்? நெஞ்சுக்கு நேராக அட்டை பிடித்திருக்கிறாள், போதாதா?

முத்துலட்சுமி மட்டும் இந்தக் களேபரத்துக்கு நடுவிலும் ஒரு வாடிக்கையாளருக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வந்து, "மாம்பழக் கலர்ல இருக்கா?" என்றதுதான் தாமதம், கை தானாக அலமாரிக்குப் போயிற்று. ஒரு வீச்சில் நாலு சேலை மேஜையில் விரிந்தது.

"அந்தக் கடுகு கலரக் காட்டுங்களேன், உங்க கையில இருக்கிறது."

"இது குடுக்கிறதுக்கு இல்லம்மா," என்று அதை மட்டும் கைப்பைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

கீழே பெரிய சத்தம் கேட்டது. வீடியோ அதற்குள் தி.நகரைச் சுற்றி வந்திருந்தது. வட்டச் செயலாளர் ஹரி, வெள்ளை வேட்டி சட்டையில், ஏழெட்டுப் பேரோடு படியேறி வந்தார். கடைசியாக வந்தவர் கையில் ஒரு பெரிய தட்டு. தட்டு நிறைய எலுமிச்சம்பழ ஜூஸ்.

"சகோதரிகளே!" என்றார் ஹரி. "உங்கள் உண்ணாவிரதத்தை முடித்து வைக்க வந்திருக்கிறேன்."

"நாங்க இப்பத்தான் தயிர்சாதம் சாப்பிட்டோம்," என்றாள் தாரணி.

"எத்தனை நாளா உட்கார்ந்திருக்கீங்க?"

"அரை மணி நேரமா."

ஹரி ஒரு கணம் தடுமாறினார். ஆனால் அரசியலில் இருபது வருஷம் இருந்தவர். "அரை மணி நேரமானாலும் தியாகம் தியாகம்தான். தலைவி யாரு?"

எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒருவர் மட்டும் நின்றால், அவர்தானே தலைவி? அத்தனை விரல்களும் முத்துலட்சுமியைக் காட்டின. ஹரியின் ஆட்களில் ஒருவன் கொண்டுவந்திருந்த துண்டை அவர் தோளில் போட்டான்.

"அம்மா, உங்க கோரிக்கை என்ன? தயங்காம சொல்லுங்க. மேலிடம்வரைக்கும் கொண்டு போறேன்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா," என்றார் முத்துலட்சுமி பரிதாபமாக. "ஒரு சேலை எடுக்கணும். விட்டா அதை எடுத்துட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன்."

"பார்த்தீங்களா?" என்று ஹரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். குரல் தழுதழுத்தது. "போராட்டக் களத்திலும் கடமை! கஸ்டமருக்குச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்! இப்படிப்பட்ட ஊழியரையா நிற்க வைத்தார்கள்? இது வெறும் ஸ்டூல் இல்லை, சுதந்திரம்! உட்காரும் உரிமை!"

"வேண்டும்! வேண்டும்!" என்றார்கள் ஆட்கள்.

"உட்கார்ந்துதாங்க இருக்கோம்!" என்று தாரணி கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவருக்குக் கோஷம் கேட்டுவிட்டது. அண்ணாச்சி படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். பின்னாலேயே, காப்பி குடித்து முடித்த கணவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள், அட்டை, கட்சிக்காரர்கள், தோளில் துண்டோடு முத்துலட்சுமி. அண்ணாச்சியின் முகம் வாடிப்போயிற்று.

"முத்துலட்சுமி... நீயுமா?"

"அண்ணாச்சி, நான் ஒண்ணுமே..."

"எனக்கு எதிரா கொடி பிடிக்கதுன்னா யாரு வேணாலும் பிடிக்கட்டும். நீயா? கேட்டா நான் உக்காரச் சொல்ல மாட்டேனா? காலையில இருந்து அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்! உக்காரு, உக்காருன்னு தொண்டத்தண்ணி வத்திப் போச்சு! உக்காராம நின்னுக்கிட்டு, உக்கார விடலன்னு போராட்டம் பண்ணுதியளே, இது உங்களுக்கே நியாயமா இருக்கா?"

அழுகிற நிலைக்கு வந்துவிட்ட அவர் கையில் ஹரியின் ஆள், யார் என்று தெரியாமல், ஒரு கிளாஸ் ஜூஸைக் கொடுத்தான். "குடிங்க ஐயா, உண்ணாவிரதம் வாபஸ்."

அண்ணாச்சி பழக்கதோஷத்தில் குடித்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. குறட்டைக் கணவர் எதற்கென்று தெரியாமலே, "வாழ்க!" என்றார்.

முத்துலட்சுமியின் உதடு துடித்தது. முதலில் அழப்போகிறார் என்றுதான் ஃபராஸ் நினைத்தான். இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அண்ணாச்சியின் மீசையில் ஒட்டியிருந்த எலுமிச்சை விதையைப் பார்த்தார், சிரித்தார். தாரணி தலைகீழாகப் பிடித்திருந்த அட்டையைப் பார்த்தார், இன்னும் சிரித்தார். தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஐயோ அம்மா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. நிற்க முடியவில்லை. ஒரு கை பின்னால் போய் எதையோ தேடியது. முழங்கால்கள் மெல்ல மடங்கின.

ஃபராஸ் மூச்சைப் பிடித்தான்.

அழுத்தினான்.

இந்த முறை கார்டு மாற்றவில்லை. யார் முதுகும் குறுக்கே வரவில்லை. நிற்பதற்கும் உட்காருவதற்கும் நடுவே, காற்றில், வாய் கொள்ளாத சிரிப்போடு, மடியை நோக்கிச் சரியும் கடுகு நிறச் சேலையோடு ஒரு பெண். பின்னால் சற்றே மங்கலாக, ஜூஸ் குடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் ஊதாச் சேலைகள்.

முத்துலட்சுமி உட்கார்ந்தே விட்டார். உட்கார்ந்து, "அப்பாடி," என்றார். பிறகு காலை நீட்டினார். பிறகு, "இது நல்லாத்தான் இருக்கு!" என்றார். மாடியே கைதட்டியது. அண்ணாச்சியும் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இந்த முறை யாரும் எழுந்திருக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை. கணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், மனைவிமார்கள் அதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஃபராஸ் படத்தை அங்கிருந்தே அலுவலகத்துக்கு அனுப்பினான். முத்துலட்சுமியிடம் பேசலாம் என்று திரும்பினால் அவரைச் சுற்றிப் பெரிய கூட்டம், எல்லோரும் செல்ஃபி. சரி, நாளைக்குப் பேப்பரோடு வந்தே பார்க்கலாம் என்று பையை எடுத்துக்கொண்டான். லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது போன் அடித்தது.

"ஃபராஸ்!" விஜயராகவன் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. "நடுவுல புடிச்சுட்டியேடா! நடுவுல! அந்தச் சிரிப்பு என்னடா அது? நான் அழுதுட்டேன்டா."

"சார், நல்லா வந்திருக்கா?"

"முதல் பக்கம், தலைப்புக்கு மேலே. 'கால் நூற்றாண்டாக நின்ற ஊழியர் முத்துலட்சுமி, பணியின்போது முதன்முதலாக உட்காரும் வரலாற்றுத் தருணம்.' பக்கம் அச்சுக்குப் போயாச்சு. காலம்பர வந்து ஆர்டரை வாங்கிண்டு போ. உட்கார்ந்து வாங்கிக்கோ, என்ன?"

ஃபராஸ் ஒரு குதி குதித்தான். லிஃப்ட் கதவு திறந்தபோது இன்னும் காற்றில்தான் இருந்தான். அக்பர் பாஷா அவனைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்து, முடியைக் கோதிக்கொண்டு, ஸ்டைலாக மறுபடியும் உட்கார்ந்தார். ஃபராஸ் சந்தோஷத்தில் அவரையும் ஒரு படம் எடுத்தான்.

"இன்னா நைனா, மூஞ்சில பல்பு எரியுது?"

"வேலை நிரந்தரம் ஆயிடுச்சு பாய்! எல்லாம் முத்துலட்சுமியம்மா புண்ணியம். நாளைக்கு முதல் பேப்பரை அவங்க கையிலதான் கொடுக்கணும். அவங்களுக்குக் காலையில எத்தனை மணிக்கு டூட்டி?"

அக்பர் பாஷா கீழ்த்தளத்துக்கான பொத்தானை அழுத்திவிட்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அவங்களுக்கு ஏது நைனா டூட்டி? நேத்தோட ரிட்டேரு. மாலை போட்டு, 'நாளைக்கு வந்து புடிச்ச பொடவையா ஒண்ணு எடுத்துக்க'ன்னு அண்ணாச்சிதான் அனுப்சி வச்சாரு, பழக்கதோஷத்துல அவரே மறந்துட்டாரு. இன்னிக்கி இந்தக் கடையில நாள் பூரா நின்ன ஒரே ஆளு அவங்கதான், ஆனா அவங்க கஸ்டமரு!"